நீதிக்கட்சியும் பழமைபேணலும்: சித்தூர் மாவட்டத் தலைவர் மூவரை முன்வைத்து

முன்னுரை

தென்னிந்திய அரசியல் வரலாற்றில் நீதிக்கட்சி பெறும் இடம் இன்றளவும் விவாதத்திற்குரியதாகவே உள்ளது. 1916இல் தோன்றிய இக்கட்சி, 1920க்கும் 1937க்கும் இடைப்பட்ட காலத்தில் ஏறத்தாழ 13 ஆண்டுகள் சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தது. தேசிய இயக்கச் சார்புடைய வரலாற்று நூல்கள் இதனை ஜமீன்தார்களின் கட்சி என்றும், ஆங்கில ஆட்சிக்குத் துணைநின்ற பழமைவாதக் கட்சி என்றும் சுட்டுகின்றன. திராவிட இயக்கச் சார்புடைய நூல்கள் இதனைச் சமூக நீதியின் தொடக்கப்புள்ளியாகக் கண்டு போற்றுகின்றன. முன்னவை கட்சியின் தலைவர் யாவர் என்று நோக்குகின்றன. பின்னவை கட்சி இயற்றிய ஆணைகள் யாவை என்று நோக்குகின்றன. இரு தரப்பினர் காட்டும் சான்றுகளும் உண்மையானவையே. ஆயின் ஒரு தரப்பின் சான்று மறு தரப்பின் நூலில் இடம்பெறுவது அரிதாக உள்ளது.

இந்நிலையில், நீதிக்கட்சியைப் பழமைபேணும் கட்சி என்று கூறுவது எவ்வளவில் பொருந்தும் என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். மாகாணம் முழுவதையும் எடுத்துக்கொள்ளாது, அன்றைய சித்தூர் மாவட்டத்தைச் சார்ந்த மூவரின் அரசியல் வாழ்க்கையும், திருப்பதிக் கோயில் நிருவாகத்தில் நேர்ந்த மாற்றமும் இவ்வாய்வுக்குக் களமாகக் கொள்ளப்படுகின்றன. திருக்காளத்தியைச் சார்ந்த பனகல் அரசர் இராமராய நிங்கார், சித்தூரை அடுத்த கட்டமஞ்சியில் பிறந்த இராமலிங்க ரெட்டி, திருத்தணியை அடுத்த வேலஞ்சேரியில் பிறந்த முனுசாமி நாயுடு ஆகியோரே அம்மூவர். மூவரும் ஒரே கட்சியினர். எனினும் அக்கட்சி எதுவாக இருக்க வேண்டும் என்பதில் வேறுபட்டு நின்றவர்கள்.

பழமைபேணல்: சொல்லும் அளவுகோலும்

பழமைவாதம் என்னும் சொல் தமிழில் பெரும்பாலும் வசைச்சொல்லாகவே வழங்குகிறது. மேலைநாட்டு அரசியல் சிந்தனையில் அது ஒரு கொள்கைநிலையைக் குறிக்கும். பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து 1790இல் எட்மண்ட் பர்க் எழுதிய நூல் அக்கொள்கைக்கு மூலநூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. நிலவும் நிறுவனங்களைத் திடீரெனத் தகர்த்தலாகாது, மாற்றம் சட்டத்தின் வழியே படிப்படியாக நிகழ வேண்டும், சொத்துரிமை சமூக ஒழுங்கிற்கு அடிப்படையாகும் என்பன அக்கொள்கையின் கூறுகள். இப்பொருளில் பழமைபேணல் என்பது பாராட்டும் அன்று, பழியும் அன்று, விளக்கத்திற்குரிய ஓர் அரசியல் நிலைப்பாடு ஆகும்.

இக்கூறுகளைக் கொண்டு மூன்று வினாக்களை அளவுகோலாக அமைத்துக்கொள்ளலாம். முதலாவது, நிலவுடைமை பற்றிக் கட்சி கொண்ட நிலை யாது? இரண்டாவது, ஆட்சிமுறையும் ஆட்சிமாற்றமும் பற்றி அது கொண்ட நிலை யாது? மூன்றாவது, சாதி, சமயம், கோயில் முதலிய மரபுசார் நிறுவனங்களை அது எவ்வாறு அணுகியது? இம்மூன்றுக்கும் ஒரே விடை கிடைக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. கிடைக்காத இடத்திலேதான் ஆய்வுக்கு வேலை இருக்கிறது.

ஆய்வுக்களம்

சித்தூர் மாவட்டம் 1911இல் உருவாக்கப்பெற்றது. வட ஆர்க்காட்டு மாவட்டத்திலிருந்து சித்தூர், பலமனேர், சந்திரகிரி முதலிய பகுதிகளும், கடப்பை மாவட்டத்திலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு ஆகிய பகுதிகளும் இதில் இணைக்கப்பட்டன. காளத்தி, கார்வேட்டிநகரம், புங்கனூர் ஆகிய ஜமீன் நிலப்பகுதிகளும் இம்மாவட்டத்தில் அடங்கின. தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் இப்பகுதி, பெரிய ஜமீன்களும் இரயத்துவாரி நிலங்களும் கலந்து கிடந்த பகுதியுமாகும். திருமலைக் கோயிலும் திருக்காளத்திக் கோயிலும் இதனைச் சமய வரலாற்றில் முதன்மைக்கு உரியதாக்கின.

1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் அதன் பகுதியாயிற்று. 1960இல் எல்லை உடன்பாட்டின்படி திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. திருக்காளத்தி இன்று அதில் அடங்கும். ஆகவே, இக்கட்டுரையில் வரும் மூவரின் பிறப்பிடங்களும் இன்று இரு மாநிலங்களிலும் மூன்று மாவட்டங்களிலும் பிரிந்து கிடக்கின்றன. ஆந்திர வரலாறும் தமிழக வரலாறும் தனித்தனியே எழுதப்படும் சூழலில் இவர்களை ஒருங்குவைத்து நோக்கும் வாய்ப்புக் குறைந்துபோனது.

கட்சியின் தோற்றமும் கொள்கையும்

1916 நவம்பர் 20 அன்று சென்னை வேப்பேரியில் பிராமணர் அல்லாத தலைவர்கள் ஏறத்தாழ முப்பதின்மர் கூடினர். பிட்டி தியாகராய செட்டியார், மருத்துவர் டி. எம். நாயர், மருத்துவர் சி. நடேச முதலியார் ஆகியோர் இம்முயற்சிக்கு முன்னோடிகள். அதே ஆண்டு டிசம்பரில் பிராமணர் அல்லாதார் அறிக்கை தியாகராயரின் பெயரால் வெளிவந்தது. மாகாண மக்கள்தொகையில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரான பிராமணர்கள் அரசுப் பணிகளிலும் உயர்கல்வியிலும் மிகுந்த இடம் பெற்றிருந்ததை அவ்வறிக்கை சுட்டிக்காட்டியது. அன்னி பெசன்ட் முன்னெடுத்த தன்னாட்சிக் கோரிக்கையை எதிர்த்தது. ஆங்கில ஆட்சியின் செல்வாக்குக் குறைவதைத் தாம் விரும்பவில்லை என்பதையும் வெளிப்படையாகவே தெரிவித்தது.

தென்னிந்திய நல உரிமைச் சங்கம் என்பது கட்சியின் முறையான பெயர். ஆங்கிலப் பெயரில் தன்னை ஒரு தாராளவாத அமைப்பு என்றே அது அழைத்துக்கொண்டது. 1917 பிப்ரவரியில் தொடங்கப்பெற்ற 'ஜஸ்டிஸ்' என்னும் ஆங்கில நாளேட்டின் பெயரே மக்கள் வழக்கில் கட்சியின் பெயராகியது. தமிழில் 'திராவிடன்' இதழும், தெலுங்கில் 'ஆந்திர பிரகாசிகா' இதழும் கட்சிக் கருத்துகளைப் பரப்பின. முதற்கட்டத்திலேயே இரு மொழிகளிலும் இயங்கிய கட்சி இது என்பது சித்தூர் போன்ற பகுதிகளில் அது பெற்ற ஏற்பை விளங்கிக்கொள்ளத் துணைசெய்யும்.

1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் இரட்டையாட்சி முறையைக் கொண்டுவந்தது. கல்வி, உள்ளாட்சி, மருத்துவம் முதலிய துறைகள் அமைச்சர்களிடமும், நிதி, காவல், நிலவரி முதலிய துறைகள் ஆளுநரின் நிருவாகக் குழுவிடமும் இருந்தன. 1920 நவம்பரில் நடைபெற்ற தேர்தலைக் காங்கிரசு புறக்கணித்தது. தேர்ந்தெடுக்கப்படவேண்டிய 98 இடங்களுள் 63 இடங்களில் நீதிக்கட்சி வென்றது. சொத்துத் தகுதியின் அடிப்படையில் அன்று வாக்குரிமை பெற்றிருந்தோர் மாகாண மக்கள்தொகையில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரே. கட்சியின் பின்னைய வெற்றி தோல்விகளை மதிப்பிடும்போது இவ்வரம்பை மறத்தல் ஆகாது. வாக்குரிமை நிலவுடைமையோடு பிணைந்திருந்த காலத்தில் நிலவுடைமையாளர் தலைமை ஏற்றது வியப்பிற்குரியதன்று.

பனகல் அரசர்: சட்டத்தின் வழியே மாற்றம்

முதலாவது அமைச்சரவையின் தலைவரான சுப்பராயலு ரெட்டியார் உடல்நலக் குறைவால் விலகியதை அடுத்து, 1921 சூலையில் பனகல் அரசர் முதலமைச்சரானார். 1866இல் திருக்காளத்தியில் பிறந்த இவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். வடமொழிப் புலமை மிக்கவர். 1912 முதல் சில ஆண்டுகள் பேரரசுச் சட்டமன்றத்தில் சென்னை மாகாண நிலக்கிழார்களின் பிரதிநிதியாக இருந்தவர். பிறப்பாலும் பதவியாலும் பழமைபேணும் தரப்பினர் என்று எவரும் கூறத்தக்கவர். ஆயினும் இவரது ஐந்தாண்டு ஆட்சியிலேயே கட்சியின் முதன்மையான சீர்திருத்தங்கள் நிகழ்ந்தன.

1921 ஏப்பிரலில், இவர் உள்ளாட்சி அமைச்சராக இருந்த காலத்தில், ஆடவருக்குரிய அதே தகுதிகளின் அடிப்படையில் பெண்களுக்கும் வாக்குரிமை அளிக்கும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1921 செப்டம்பரில் முதலாவது வகுப்புவாரி ஆணையும், 1922 ஆகத்தில் அதனை விரிவாக்கும் ஆணையும் வெளிவந்தன. 1922இல் அரசு ஆவணங்களில் 'பறையர்', 'பஞ்சமர்' என்னும் சொற்களுக்கு மாற்றாக 'ஆதிதிராவிடர்' என்னும் சொல் ஏற்கப்பட்டது. 1923இல் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டமும் 1926இல் ஆந்திரப் பல்கலைக்கழகச் சட்டமும் நிறைவேறின.

இவற்றோடு சித்த மருத்துவம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றைக் கற்பிக்கும் இந்திய மருத்துவப் பள்ளி சென்னையில் தொடங்கப்பெற்றதும் எண்ணத்தக்கது. நாட்டு மருத்துவம் பற்றி ஆராய முகமது உசுமான் தலைமையில் 1921இல் அமைக்கப்பெற்ற குழுவின் விளைவாக இப்பள்ளி எழுந்தது. மரபுவழி அறிவைப் பேணவேண்டும் என்னும் எண்ணம் பழமைபேணலின் கூறு. அவ்வறிவைக் குடும்ப வழிக் கல்வியிலிருந்து அரசுப் பாடத்திட்டத்திற்கும் தேர்வு முறைக்கும் கொண்டுவருதல் அதற்கு நேர்மாறான கூறு. பனகல் அரசரின் அரசியலில் இவ்விரண்டும் ஒன்றாகவே இயங்கின.

மறுபுறம், உள்ளாட்சி மன்றங்களுக்கு உறுப்பினர்களை நியமிக்கும் அதிகாரத்தைக் கட்சியின் ஆதரவாளர் வட்டத்தை வளர்க்க இவர் பயன்படுத்தினார் என்னும் குறைபாடும் உண்டு. 1920 முதல் 1937 வரையிலான தென்னிந்திய அரசியலை ஆராய்ந்த கிறிஸ்டோபர் பேக்கர், நீதிக்கட்சியின் வலிமை கொள்கையைக் காட்டிலும் இத்தகைய பதவி வழங்கலில் தங்கியிருந்தது என்னும் கருத்தினர். இக்கருத்தை முற்றிலும் ஏற்றால், பதவி வழங்கலுக்கு எவ்வகையிலும் உதவாத பெண்கள் வாக்குரிமை போன்ற தீர்மானங்களுக்கு விளக்கம் கூற இயலாது. முற்றிலும் மறுத்தால், கட்சிக்குள்ளேயே எழுந்த எதிர்ப்புக்கு விளக்கம் கூற இயலாது.

திருவேங்கடமும் அறநிலையச் சட்டமும்

மரபுசார் நிறுவனங்கள் பற்றிய கட்சியின் நிலையை அறிவதற்கு அறநிலையச் சட்டமே சிறந்த சான்று. கோயில்களின் நேரடி நிருவாகத்திலிருந்து ஆங்கில அரசு விலக முனைந்தபோது, 1843இல் திருமலை-திருப்பதிக் கோயில்களின் நிருவாகம் ஹாதிராம்ஜி மடத்தின் மகந்துகளிடம் ஒப்படைக்கப்பெற்றது. தொண்ணூறு ஆண்டுகள் அம்முறையே நீடித்தது. மாகாணத்தின் பிற கோயில்களும் அறங்காவலர், மடாதிபதி ஆகியோர் வசமே இருந்தன. வரவுசெலவுக் கணக்கைத் தொடர்ந்து மேற்பார்வையிடும் அரசு அமைப்பு ஏதும் இல்லை.

1922 டிசம்பரில் பனகல் அரசர் இந்து சமய அறநிலைய மசோதாவைச் சட்டமன்றத்தில் கொணர்ந்தார். நெடிய விவாதங்களுக்குப் பின்னர் அது 1925இன் முதலாவது சட்டமாயிற்று. அதன் செல்லுபடி குறித்து ஐயங்கள் எழுந்தமையால் 1927இன் இரண்டாவது சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. கோயில் வருவாயையும் செலவையும் மேற்பார்வையிட ஆணையர் வாரியம் ஒன்று இதன்வழி அமைந்தது.

மசோதாவை எதிர்த்தோர் இரு வகையினர். மடங்களின் தலைவர்களும் அறங்காவலர்களும் தம் உரிமை பறிபோகும் என்று எதிர்த்தனர். சமயச் சார்பற்ற அயல் அரசு ஒன்று இந்து சமய நிறுவனங்களில் தலையிடுவது முறையா என்று வினவினோர் மற்றொரு வகையினர். இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. கோயில் அரசின் பொறுப்பா, அடியார்களின் பொறுப்பா என்னும் விவாதம் நூறாண்டுகளுக்குப் பின்னரும் தமிழகத்திலும் ஆந்திரத்திலும் தொடர்கின்றது. அன்றைய எதிர்ப்பாளர் அனைவரையும் தன்னலம் கருதியோர் என்று ஒதுக்குவது வரலாற்றுக்கு நேர்மை ஆகாது. அவ்வாறே, இச்சட்டம் பிராமணர் மீதான பகைமையால் மட்டும் பிறந்தது என்பதும் பொருந்தாது. வாரியத்தின் முதல் தலைவராக நியமிக்கப்பட்டவர் ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி சதாசிவ ஐயர் என்பது இதனைத் தெளிவாக்கும்.

திருமலையைப் பொறுத்தவரை, 1930களின் தொடக்கத்தில் நீதிக்கட்சி அமைச்சரவைகளின் காலத்திலேயே தனிச்சட்டம் இயற்றப்பெற்றது. 1933இல் மகந்துகளின் நிருவாகம் முடிவுற்று, குழு ஒன்றும் சென்னை அரசால் நியமிக்கப்பெற்ற ஆணையரும் பொறுப்பேற்றனர். இன்றைய திருமலை திருப்பதி தேவஸ்தான அமைப்பின் தொடக்கம் இதுவேயாகும். கோயிலின் வழிபாட்டு முறையிலோ ஆகம மரபிலோ இச்சட்டங்கள் மாற்றம் கோரவில்லை. நிருவாகம் ஒன்றையே பொதுக் கண்காணிப்புக்கு உட்படுத்தின. வழிபாட்டைப் பேணி நிருவாகத்தை மாற்றிய இந்நிலையைச் சீர்திருத்தப் பழமைபேணல் என்று குறிக்கலாம். பின்னர் சுயமரியாதை இயக்கம் எடுத்த சமய மறுப்பு நிலைக்கும் இதற்கும் இடையே பெரும் தொலைவு உண்டு.

கட்டமஞ்சி இராமலிங்க ரெட்டி: உள்ளிருந்து எழுந்த மறுப்பு

1880இல் பிறந்த இராமலிங்க ரெட்டி கேம்பிரிட்ஜில் பயின்று அங்குள்ள மாணவர் பேரவையின் துணைத்தலைவராக விளங்கியவர். மைசூரில் பேராசிரியராகவும் கல்வித்துறைத் தலைவராகவும் பணியாற்றியவர். 'முசலம்ம மரணமு' என்னும் காவியத்தாலும், 'கவித்துவ தத்துவ விசாரமு' என்னும் திறனாய்வு நூலாலும் நவீனத் தெலுங்கு இலக்கியத்தில் நிலையான இடம் பெற்றவர். மைசூர்ப் பணியிலிருந்து விலகியபின் நீதிக்கட்சியில் சேர்ந்து சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார்.

1923ஆம் ஆண்டுத் தேர்தலில் கட்சியின் இடங்கள் 63இலிருந்து 44ஆகக் குறைந்தன. கட்சிக்குள் இருந்த மனக்குறை அப்போது வெளிப்பட்டது. பதவிகள் ஒரு சிறு வட்டத்திற்குள்ளேயே பகிரப்படுகின்றன என்பது ஒரு குறை. அமைச்சரவையில் தமிழ்ப் பகுதியினருக்கு இடமில்லை என்பது மற்றொரு குறை. இரண்டாவது குறையைத் தீர்க்கும்பொருட்டுத் தி. நெ. சிவஞானம் பிள்ளை புதிய அமைச்சரவையில் சேர்க்கப்பெற்றார். எனினும் கட்சியிலிருந்து பிரிந்தோர் ஐக்கிய தேசியக் கட்சி என்னும் அணியாகத் திரண்டனர். அவ்வணிக்குத் தலைமை ஏற்ற இராமலிங்க ரெட்டி, 1923 நவம்பர் 27 அன்று பனகல் அமைச்சரவைமீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொணர்ந்தார். சென்னைச் சட்டமன்ற வரலாற்றில் இதுவே இத்தகைய முதல் தீர்மானம். 65க்கு 44 என்னும் வாக்கு நிலையில் அது தோல்வியுற்றது.

திருக்காளத்தியார் ஒருவரின் அமைச்சரவையைச் சித்தூரார் ஒருவர் எதிர்த்தார் என்பதைவிட, அவர் எதிர்த்த முறையே நம் ஆய்வுக்கு முதன்மையானது. ஆளுநரின் நல்லெண்ணத்தை நம்பியே அமைச்சர் பதவி நிலைத்திருந்த காலம் அது. அக்காலத்தில், அமைச்சரவை மன்றத்தின் நம்பிக்கையைப் பெற்றிருக்க வேண்டும் என்னும் நாடாளுமன்ற மரபை அவர் வலியுறுத்தினார். பிராமணர் அல்லாதார் முன்னேற்றம் என்னும் கட்சியின் குறிக்கோளை அவர் கைவிட்டார் எனக் கூற இயலாது. அக்குறிக்கோள் சிலரின் தனியுடைமை ஆகிவிடலாகாது என்பதே அவரது அணியின் நிலைப்பாடாகத் தெரிகிறது.

1926இல் ஆந்திரப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதல் துணைவேந்தராக இராமலிங்க ரெட்டியே பொறுப்பேற்றார். எந்த அமைச்சரவைமீது நம்பிக்கையில்லை என்று அவர் வாதிட்டாரோ, அதே அமைச்சரவை கொணர்ந்த சட்டத்தால் பிறந்த பல்கலைக்கழகம் அது. 1930இல் சட்டமறுப்பு இயக்கத்தின்மீது அரசு மேற்கொண்ட அடக்குமுறையைக் கண்டித்துப் பதவி விலகினார். 1936இல் மீண்டும் அப்பொறுப்பை ஏற்றார். ஆங்கில ஆட்சிச் சார்பு என்னும் ஒரே சொல்லால் நீதிக்கட்சியிலிருந்து வந்தோர் அனைவரையும் குறிக்க இயலாது என்பதற்கு இவர் வாழ்வு சான்றாகும்.

முனுசாமி நாயுடு: நிலவுடைமையின் எல்லை

1926ஆம் ஆண்டுத் தேர்தலில் சுயராச்சியக் கட்சி முதலிடம் பெற்றது. நீதிக்கட்சி ஆட்சியை இழந்தது. 1928 டிசம்பரில் பனகல் அரசர் மறைந்தார். அவருக்குப்பின் தலைமைக்கு வந்தவர் முனுசாமி நாயுடு. இவர் ஜமீன்தார் அல்லர். உழவுக் குடும்பத்தில் பிறந்த வழக்குரைஞர். 1929இல் நெல்லூரில் கூடிய கட்சி மாநாட்டில் பிராமணரையும் உறுப்பினராகச் சேர்க்கலாம் என்னும் திட்டம் முன்வைக்கப்பட்டது. முனுசாமி நாயுடு அதற்கு ஆதரவான கருத்துடையவர். கடும் எதிர்ப்பின் காரணமாக அத்திட்டம் ஏற்கப்படவில்லை.

1930 அக்டோபரில் இவர் முதலமைச்சரானார். உலகப் பொருளாதார வீழ்ச்சியால் விளைபொருள்களின் விலை சரிந்து, உழவர் நிலவரியும் குத்தகையும் செலுத்த இயலாது இடர்ப்பட்ட காலம் அது. நிலவரித் துறை அமைச்சரிடம் இல்லை. ஆளுநரின் குழுவிடம் இருந்தது. உழவர் துயருக்குப் பொறுப்பேற்க வேண்டிய அமைச்சரவையிடம் அதனைத் தீர்க்கும் அதிகாரம் இல்லாமற்போனது இரட்டையாட்சியின் அடிப்படைக் குறைபாடாகும்.

கட்சிக்குள் வேறொரு மோதலும் உருவாயிற்று. கட்சிக்குப் பொருள் வழங்கி வந்த பெரும் ஜமீன்தார்கள் தலைமை தம் கையைவிட்டு நழுவியதை விரும்பவில்லை. பொப்பிலி அரசர் தலைமையில் ஓர் அணி திரண்டது. 1932 அக்டோபரில் தஞ்சையில் கூடிய மாநாடு இரு அணிகளின் பூசற்களமாயிற்று. அடுத்த சில வாரங்களில் முனுசாமி நாயுடு பதவி விலக நேர்ந்தது. 1932 நவம்பரில் பொப்பிலி அரசர் முதலமைச்சரானார். முனுசாமி நாயுடு நீதி சனநாயகக் கட்சி என்னும் தனி அணியை அமைத்தார். 1935இல் அவர் மறைந்தபின் அவ்வணியினர் தாய்க்கட்சிக்குத் திரும்பினர்.

நிலவுடைமை பற்றிய முதல் வினாவுக்கு விடை இந்நிகழ்ச்சியில் கிடைக்கின்றது. பதவியிலும் கல்வியிலும் பங்கு வேண்டும் என்பதில் ஒன்றுபட்டிருந்த கட்சி, நிலம் என்னும் இடத்தில் இரண்டாகப் பிளந்தது. அப்பிளவில் ஜமீன்தார் தரப்பே வென்றது. இவ்வகையில் நீதிக்கட்சியைப் பழமைபேணும் கட்சி என்பதற்கு 1932ஆம் ஆண்டு வலுவான சான்றாகும். அதே நிகழ்ச்சி, கட்சிக்குள் மாற்றுத் தரப்பு ஒன்று இருந்தது என்பதற்கும் சான்றாகும்.

ஆதிதிராவிடர் நோக்கில் கட்சி

கட்சியின் சீர்திருத்தம் சமூகப் படிநிலையில் எதுவரை இறங்கியது என்பதையும் நோக்குதல் வேண்டும். சட்டமன்றத்தில் ஆதிதிராவிடரின் பிரதிநிதியாக நியமனம் பெற்ற எம். சி. ராஜா தொடக்கத்தில் நீதிக்கட்சியோடு இணைந்து செயற்பட்டவர். 1921இல் சென்னைப் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது, வேலைக்குச் சென்ற ஆதிதிராவிடத் தொழிலாளருக்கும் பிற தொழிலாளருக்கும் இடையே புளியந்தோப்புப் பகுதியில் மோதல் நேர்ந்தது. கட்சித் தலைவர்களும் கட்சியின் ஏடும் ஆதிதிராவிடருக்கு அரசு மிகுதியாகச் சலுகை காட்டுவதாகக் குறைகூறினர். இதனால் மனம் நொந்த ராஜா 1923இல் கட்சியை விட்டு விலகினார். பெயர்மாற்ற ஆணையை இயற்றிய ஆட்சியும், ஆதிதிராவிடரின் தலைவரை இழந்த கட்சியும் ஒன்றே. இரண்டில் ஒன்றை மட்டும் கூறும் வரலாறு குறையுடையதாகும்.

வீழ்ச்சியும் எஞ்சியவையும்

1935ஆம் ஆண்டுச் சட்டம் வாக்குரிமையை விரிவாக்கியது. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசு 215 பேரவை இடங்களுள் 159இல் வென்றது. பொப்பிலி அரசர் தம் சொந்தத் தொகுதியிலேயே வி. வி. கிரியிடம் தோற்றார். வாக்காளர் தொகை பெருகப் பெருகக் கட்சியின் வலிமை சுருங்கியது என்பது கருதத்தக்கது. 1938 டிசம்பரில் சிறையிலிருந்த பெரியார் ஈ. வெ. இராமசாமி கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1944 ஆகத்து 27 அன்று சேலம் மாநாட்டில் கட்சி திராவிடர் கழகமாயிற்று. அதனை ஏற்காத பி. டி. இராசன் முதலியோர் நீதிக்கட்சி என்னும் பெயரிலேயே சில காலம் இயங்கினர். தெலுங்குப் பகுதிகளில் கட்சி ஏறத்தாழ மறைந்தது. சித்தூரில் தோன்றிய தலைவர் மூவரால் வளர்ந்த கட்சி, பின்னாளில் தமிழ்நாட்டின் வரலாறாக மட்டுமே எஞ்சியதன் காரணம் இதுவாகும்.

கட்சி பேண முயன்றவற்றுள் பெரும்பாலானவை நிலைக்கவில்லை. ஆங்கில ஆட்சி 1947இல் முடிந்தது. ஜமீன்தாரி முறையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. கட்சி மாற்ற முயன்றவையோ நிலைத்தன. வகுப்புவாரி ஆணையை 1951இல் நீதிமன்றம் செல்லாதென அறிவித்தபோது, அதே ஆண்டில் அரசமைப்பின் முதல் திருத்தம் இட ஒதுக்கீட்டிற்கு வழிவகுத்தது. அறநிலையச் சட்டம் வெவ்வேறு வடிவங்களில் இரு மாநிலங்களிலும் தொடர்கின்றது. ஒரு கட்சியைப் பழமைபேணும் கட்சி எனக் குறிக்கும்போது, அது பேணியது நிலைத்ததா, மாற்றியது நிலைத்ததா என்பதையும் உடன்வைத்து எண்ணுதல் தகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

நிலவுடைமை பற்றிய வினாவில் நீதிக்கட்சி பழமைபேணும் கட்சியாகவே நின்றது. முனுசாமி நாயுடு அகற்றப்பெற்ற நிகழ்ச்சி இதனை உறுதி செய்கின்றது.

ஆட்சிமுறை பற்றிய வினாவில், ஆங்கில ஆட்சியின் தொடர்ச்சியையும் சட்டவழி மாற்றத்தையும் கட்சி விரும்பியது. எனினும் அமைச்சரவை மன்றத்திற்குப் பொறுப்புடையது என்னும் மரபைக் கட்சியிலிருந்து பிரிந்த இராமலிங்க ரெட்டியே சென்னைச் சட்டமன்றத்தில் முதன்முதலாக ஒரு தீர்மானத்தின் வாயிலாக நிலைநாட்ட முயன்றார்.

மரபுசார் நிறுவனங்கள் பற்றிய வினாவில், கட்சி வழிபாட்டைத் தொடாது நிருவாகத்தை மாற்றியது. பிராமணர் அல்லாதாருக்குப் பணிவாயிலைத் திறந்தது. ஆதிதிராவிடரிடத்தில் அதே உறுதியைக் காட்டத் தவறியது.

ஆகவே நீதிக்கட்சிக்கு ஒரே அடைமொழி தருவது பொருந்தாது. எந்த வினாவில், எந்த ஆண்டில், கட்சியின் எந்த அணி என்று வரையறுத்துக் கூறும்போதே பழமைபேணல் என்னும் சொல் பொருளுடையதாகிறது. கட்சிகளை அவற்றின் ஆதரவாளர் எழுத்தைக் கொண்டோ எதிர்ப்பாளர் எழுத்தைக் கொண்டோ மட்டும் விவரிக்காமல், அவை இயற்றிய சட்டங்கள், சட்டமன்ற வாக்குகள், உட்பிளவுகள் ஆகிய மூன்றையும் ஒருங்குவைத்து விவரிப்பது நடுநிலைக்கு உகந்த முறையாகும். சித்தூர் மாவட்டத்தார் மூவர் ஒரே கட்சிக்குள் நின்று நிகழ்த்திய வாதம் இம்முறைக்கு ஏற்ற சான்றாக அமைகின்றது. மாநில எல்லைகளால் பிரிந்த இத்தகைய வரலாறுகளைத் தமிழ், தெலுங்கு ஆகிய இரு மொழிச் சான்றுகளையும் கொண்டு ஆராய்வது இனிவரும் ஆய்வாளர்க்கு உரிய பணியாகும்.